டாட் பேட் மாப்பிள்ளை

"தம்பி, நீங்க அனுப்புன பயோடேட்டா தொறக்க மாட்டேங்குதாம். எம்பொண்ணு சொல்லுது."

கெலமங்கலத்திலிருந்து பெண்ணின் அப்பா சம்பங்கி பேசினார். மூக்கண்டப்பள்ளிப் பட்டறையில் புரோகிராம் படித்து இரும்பைக் கடையும் சிஎன்சி மிஷின் முன்னால் நின்றிருந்த குருமூர்த்தி, அவசரமாக அதை நிறுத்தினான். முப்பத்தாறு வயதில் தேடி வந்த வரன். பெண் சௌமியாவின் போட்டோவைப் பார்த்ததிலிருந்து கவனம் சிதறி இரண்டு பீஸை ஸ்கிராப் ஆக்கியிருந்தான். விடுவதாக இல்லை.

"அஞ்சு நிமிஷம் குடுங்க ஐயா, சரி பண்ணிடறேன்."

அவனுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்றுதான். டிசைன் செக்‌ஷனிலிருந்து வரும் புரோகிராம் ஃபைலின் பெயர் டாட் டிஎக்ஸ்டி என்று முடிந்தால் மிஷின் முறைக்கும். அந்த வாலை வெட்டி டாட் என்சி என்று ஒட்டினால் சமர்த்தாக ஓடும். பயோடேட்டா இருந்த வேர்டு ஃபைல் மட்டும் என்ன பெரிய இடத்துப் பிள்ளையா? டாட் டாக்ஸை வெட்டி, டாட் ஜேபெக் ஒட்டி அனுப்பினான்.

"தம்பி, ஒரே கறுப்பா வருது. கரண்ட் இல்லாதப்ப எடுத்த போட்டோவா?"

டாட் எம்பிஃபோர் ஒட்டினான்.

"வீடியோன்னு டிவியில போட்டு, பக்கத்து வீட்டையும் கூப்ட்டு உக்காந்துட்டோம் தம்பி. ஓடவே இல்ல!"

ஓடவில்லையா? ஆபீஸ் கம்ப்யூட்டரில் தொட்டதும் தானாக ஓடுவது டாட் பேட்தான். அதையும் ஒட்டினான்.

"ஆபத்தான ஃபைலுன்னு போன் சொல்லுது தம்பி. நல்ல குடும்பம்னுதானே புரோக்கர் சொன்னாரு?"

பக்கத்து மிஷின் சிவராஜ் தலையில் அடித்துக்கொண்டான். "ஏன்டா, புரோகிராம்ங்கறது வெறும் எழுத்து. வால மாத்துனா மிஷின் படிச்சுக்கும். வேர்டு ஃபைல் அப்படியா? மிஷினுக்கு ஊத்தற கூலன்ட் டின்னு மேல பாலுன்னு எழுதி வச்சா, காப்பி போட்டுக் குடிப்பியா? பிடிஎஃப்பா சேவ் பண்ணி அனுப்புடா!"

அனுப்பினான். 'தப்பு என்னோடதுதாங்க, மன்னிச்சுக்கங்க' என்று கூடவே ஒரு மெசேஜும் போட்டான். நிமிஷத்துக்கு ஒரு தடவை போனைப் பார்த்தான். சாப்பாட்டு மணி அடித்தது. டப்பாவைத் திறக்கக்கூட மனசில்லாமல் உட்கார்ந்திருந்தபோது போன் வந்தது. இந்த முறை பெண் குரல்.

"நான் மாதேஸ்வரி. சௌமியாவோட தங்கச்சி."

"இதுவும் தொறக்கலையாம்மா?" குருமூர்த்தி டப்பாவைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தான். "பரவால்ல. ஷிப்ட் முடிஞ்சதும் பிரிண்ட் எடுத்துக்கிட்டு நேரா கெலமங்கலத்துக்கே வந்துடறேன்."

அந்தப் பக்கம் இரண்டு பேர் சிரித்தார்கள்.

"வாங்க மாமா. மொத ஃபைலே தொறந்துடுச்சு. உங்களுக்குக் கோவம் வருதான்னு பாக்கத்தான் அக்கா தொறக்கலைன்னு சொன்னா!"