மூன்று தட்டினால் நான்கு

தொண்ணூறுகளில் விருத்தாசலத்தில் வீடு விற்க நினைத்தவர்கள் பயந்தது இரண்டே விஷயத்துக்கு. ஒன்று ஐப்பசி மழை. இன்னொன்று டொக்கம்மா. மழையையாவது ஓடு மாற்றிச் சமாளித்துவிடலாம்.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. ரேஷன் கார்டிலேயே டொக்கம்மா என்றுதான் இருந்தது என்று சொல்வார்கள். பீங்கான் கம்பெனி ஒன்றில் சூளையிலிருந்து வரும் ஜாடிகளையும் ப்யூஸ் கட்டைகளையும் தட்டிப் பார்க்கும் வேலை. கையில் விரல் நீளத்துக்கு ஒரு வேப்பங்கட்டை. தட்டினால் ‘டிங்’ என்றால் நல்ல சரக்கு. ‘டொக்’ என்றால் உள்ளே விரிசல். கண்ணுக்குத் தெரியாத விரிசல் அவர் காதுக்குத் தெரியும். ஐம்பது வயதுக்காரர். ஒல்லியான உடம்பு, எதையோ ஒட்டுக் கேட்பதுபோல எப்போதும் இடது பக்கம் சாய்ந்த தலை.

கம்பெனியோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. கடைத்தெருவில் அவர் தலை தெரிந்தால் தர்பூசணிக்காரர் ஓடிவந்து ஒரு பழத்தைச் சும்மா கொடுத்து, “யக்கா, நீ போயிட்டு வா” என்று வழியனுப்பி வைப்பார். ஒருமுறை சேத்தியாத்தோப்பு பஸ்ஸில் ஏறப் போனவர், பக்கத் தகரத்தைத் தட்டிவிட்டு இறங்கி நின்றுகொண்டார். இரண்டு மைல் தாண்டி அச்சு முறிந்தது. அதன் பிறகு டொக்கம்மா ஏறும்வரை பாதி ஜனம் ஏறாது. கண்டக்டரே பணிவாகக் கேட்பார்: “யக்கா, வண்டிய எடுக்கலாங்களா?”

வீட்டைத் தட்டும் வேலை அவராகத் தேடிப் போனதல்ல. அவருடைய முதலாளி வாங்க இருந்த வீட்டில் சும்மா சுவரில் சாய்ந்தவர், “டொக்குங்க” என்றார். முதலாளி சிரித்தார். கிரயம் முடிந்த மாதமே உத்தரம் இறங்கியது. உள்ளே முழுக்கக் கரையான். அன்றிலிருந்து, வாங்குகிறவர்கள் அவரைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். காசு முன்னாலேயே கொடுத்துவிட வேண்டும். அவர் தட்டும்போது யாரும் பேசக் கூடாது. நேரம் உச்சிவெயில். அப்போதுதான் தெருவில் சத்தம் இருக்காதாம்.

அவர் சொன்னவற்றில் சில மட்டும் கொஞ்சம் ஒரு மாதிரியாக இருக்கும். “இந்த ரூமு கதவ ரொம்ப நாளு உள்ளேருந்தே சாத்தி வச்சிருந்தாங்க” என்பார். வீட்டுக்காரர் முகம் வெளுக்கும். கம்மாபுரம் பக்கம் ஒரு வீட்டைத் தட்டிவிட்டு, “இந்த வூடு முன்னாடியே போயிட்டு வரேன்னு சொல்லிடுச்சுங்க” என்றார். நாலு மாதத்தில் அந்த ஊர் நிலத்தைச் சுரங்கத்துக்கு எடுக்கப் போவதாக நோட்டீஸ் வந்தது.

நான் அப்போது தாலுகா ஆபீஸில் கிளார்க். வாடகை வீட்டில் நான், மனைவி வசந்தா, மூன்று வயது மகள். ரயில்வே ஜங்ஷன் ரோட்டுக்குப் பின்னால் ஒரு வீடு விலைக்கு வந்தது. மூன்று அறை, மச்சு, முன்னால் மாமரம். விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவு. ஒரு விதவை அம்மாள் தனியாக இருந்தார். சேலத்தில் இருந்த மகன் வீட்டை விற்றுவிட்டு வரச் சொல்லிவிட்டானாம். அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. மீதிக்கு பி.எப். லோனும் வசந்தாவின் நகையும்.

டொக்கம்மாவைக் கூப்பிடலாம் என்றாள் வசந்தா. நூற்றைம்பது ரூபாய் கேட்பார். எனக்கு மனசு வரவில்லை. தரகர் என் பக்கம்.

“நல்லா இருக்கற வூட்டுக்கு எதுக்கு சார் டாக்டரு? அந்தம்மா தட்டித் தட்டியே வூட்ட இளக்கிடும்.”

வசந்தா என்னைப் பார்த்தாள். “கத்திரிக்காயையே அழுத்திப் பாத்துட்டுதான வாங்கறீங்க? இது நம்ம பாப்பா ஓடியாடப் போற வூடுங்க.”

நூற்றைம்பது ரூபாய் போயிற்று.

மறுநாள் பகல் பன்னிரண்டரைக்கு டொக்கம்மா வந்தார். செருப்பைத் தெருவிலேயே விட்டார். நாங்கள், தரகர், வீட்டு அம்மாள் எல்லோரும் கூடத்தில் நின்றோம். கம்பெனிச் சங்கு ஊதி ஓய்ந்தது. அதற்குப் பிறகு தெருவில் ஒரு காக்காய்ச் சத்தம்கூட இல்லை. டொக்கம்மா சுவரைத் தட்டினார். டிங். தூணைத் தட்டினார். டிங். ஒவ்வொரு டிங்குக்கும் தரகர் மீசை ஓர் அங்குலம் உயர்ந்தது. எனக்கோ, இவ்வளவு நல்ல வீட்டுக்குப் போய் நூற்றைம்பது ரூபாயா என்று வயிறு எரிந்தது.

அப்புறம் சமையலறைக்குள் போனார்.

தரையில் மூன்று தட்டு. நிசப்தம். மறுபடியும் மூன்று. பிறகு சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தேன். தரையில் குப்புறப் படுத்து, காதை சிமெண்டோடு ஒட்டி வைத்திருந்தார். கண் திறந்திருந்தது. இமைக்கவில்லை.

“சார், இங்க வாங்க. நான் எத்தினி தட்டறன்னு எண்ணுங்க.”

தட்டினார். “மூணு” என்றேன்.

“இப்ப காத வச்சிக் கேளுங்க.”

படுத்தேன். அந்த வெயிலிலும் தரை பானைபோலச் சில்லென்று இருந்தது. டொக், டொக், டொக். கொஞ்சம் இடைவெளி. பிறகு அடியிலிருந்து, வெகு ஆழத்திலிருந்து, ஈரமாக இன்னொன்று. டொக்.

சட்டென்று எழுந்துவிட்டேன்.

“எலி சார்” என்றார் தரகர். சொன்னவர் தெருவுக்குப் போய், தன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

டொக்கம்மா எழுந்து உட்கார்ந்தார். கீழே என்ன இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. சமையலறை வாசலில் நின்ற வீட்டு அம்மாளைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்:

“என்னா வயசுங்க?”

அந்த அம்மாள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

“ஆறு.”

அப்படியே சரிந்து உட்கார்ந்து அழுதுகொண்டே சொன்னார். அது கிணறு. முன்னே கொல்லையாக இருந்த இடம். இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் மகள் விழுந்துவிட்டாள். “எடுத்து அடக்கம் பண்ணியாச்சுங்க. மண்ணக் கொட்டி மூடிடலாம்னாரு அவரு. என்னால முடியல. அவ வுழுந்த எடத்துல மண்ணு வுழுந்தா அவ மேலயே வுழற மாரி இருக்குது. கல்லு போட்டு மேல தரை போட்டுட்டாரு. இருபத்திரண்டு வருசமா அது மேலதான் சோறு ஆக்கறன். சொல்லாம வித்துடுன்னு எம்புள்ள சொன்னான். சொல்லாம இருக்க முடியல, சொல்லவும் வாய் வரல.”

வசந்தா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டாள். டொக்கம்மா என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார். “கல்லுல விரிசல் வுட்டிருக்குது சார். ரெண்டு மழை தாங்காது. உங்க பாப்பா ஓடற வூடு இது இல்ல.”

வாங்கவில்லை. அட்வான்ஸும் திரும்பி வந்தது. பொதுப்பணித் துறையில் இருந்த என்ஜினீயர் நண்பரிடம் சொன்னேன். எதிரொலி என்றார். எதிரொலி என்றால் மூன்றுக்கும் வர வேண்டாமா என்றேன். அவர் டீயைக் குடித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

விஷயம் ஊருக்குள் பரவியது. வேறு யாரும் அந்த வீட்டை எட்டிப் பார்க்கவில்லை. மகன் சேலத்திலிருந்து வந்து கத்திவிட்டுப் போனான். அடுத்த மாதம் ஊரே வாயைப் பிளக்கும்படி ஒரு காரியம் நடந்தது. டொக்கம்மா ஒரு டிரங்குப் பெட்டியோடு அதே வீட்டுக்குக் குடி போனார். ‘ஆளப் பயமுறுத்தி வாடகையில்லாம வூடு புடிச்சிருச்சு பாருங்க’ என்றார் தரகர், பார்த்தவர்களிடம் எல்லாம்.

நானும் வசந்தாவும் போய்ப் பார்த்தோம். சமையலறைத் தரையை உடைத்திருந்தார்கள். கிணற்றைச் சுற்றி இடுப்பளவுக்குச் சுவர், மேலே கனமான இரும்பு வலை. உள்ளே எட்டிப் பார்த்தால் வெகு கீழே கறுப்பாகத் தண்ணீர். பின்கட்டில் அடுப்பு. அங்கே இரண்டு பெண்களும் குழம்புக்குப் புளி அதிகமா கம்மியா என்று உரக்கச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த வீட்டில் அவ்வளவு சத்தம் அதுவரை இருந்திருக்காது.

வீட்டு அம்மாள் டீ போடப் போனதும் டொக்கம்மாவிடம் கேட்டேன்.

“இப்பவும் வருதாக்கா? அந்த நாலாவது?”

“வருது சார். மத்தியானம் மட்டும்.”

“பயமா இல்லியா?”

அவர் தலை இன்னும் கொஞ்சம் சாய்ந்தது. “எனக்கு யாரும் இல்ல சார். முப்பது வருசமா என் வூட்டுலயும் தட்டிப் பாத்திருக்கன். மூணு தட்டினா மூணுதான் வந்துது.”

வசந்தா என்னை முந்திக்கொண்டாள். “அக்கா, ஞாயித்துக்கெழம ரெண்டு பேரும் நம்ம வூட்டுக்குச் சாப்புட வாங்க.”

ஒப்புக்குச் சொன்னது என்று நினைத்தேன். வந்தார்கள். ஒன்பது வருடம், ஒரு ஞாயிறு விடாமல். உட்கார்ந்ததும் டொக்கம்மா எவர்சில்வர் தட்டைத் தட்டிப் பார்ப்பார். என் மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள். வீட்டு அம்மாள் முதலில் போனார். டொக்கம்மா அடுத்த தையில். அவருடைய காரியத்தை நான்தான் செய்தேன்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் வசந்தா ரெண்டு ஆழாக்கு அரிசி கூடப் போடுகிறாள்.