காயத்துக்குச் சாட்சி

செம்பரநாட்டுக்கும் ஆற்றுக்கு அக்கரையில் இருந்த வெண்ணிநாட்டுக்கும் மூன்று ஆண்டுகள் போர் நடந்தது. எதற்காக என்பதை இரு அரசர்களும் கடைசிவரை வெளியிடவில்லை. முடிந்ததும் இரு நாடுகளும் வெற்றி விழா கொண்டாடின.

அந்தப் போரில் இடது காலை இழந்தவன் செம்பரநாட்டு ஒச்சப்பன். உறுப்பிழந்த வீரர்களுக்கு ஆயுள் முழுக்க மாதம் ஒரு மூட்டை நெல் என்று அரசர் அறிவித்து ஆறு ஆண்டுகள் ஆயின. ஒரு மணிகூட வரவில்லை. மனைவி மாயக்கா கடைசி ஆட்டையும் விற்று அவனைத் தலைநகருக்கு வண்டியேற்றினாள்.

படைநலத்துறை அமைச்சர் எழுந்து நின்று வணங்கினார். "தங்கள் தியாகத்துக்கு நாடே தலைவணங்குகிறது. கால் போரில்தான் போனது என்பதற்குச் சாட்சி?"

"கூட நின்ன ஆளுக இருக்காங்கய்யா."

"நண்பர்கள் சாட்சி செல்லாது. வெட்டியவரே எழுதித் தர வேண்டும். புதிய சட்டம்."

"வெட்டுனவன் எதிரிங்கய்யா!"

"அதனால்தான் பாரபட்சமின்றிச் சொல்வார்."

சாட்சி வரும்வரை அவன் காயம்பட்டவன் அல்ல என்பதால், அரசு கொடுத்திருந்த ஊன்றுகோலை வாசலில் பிடுங்கிக்கொண்டார்கள்.

ஒச்சப்பன் ஒரு மூங்கிலை ஊன்றிப் பரிசலேறினான். அக்கரையில் நான்கு ஊர் விசாரித்து, தன் காலை வெட்டிய அங்கமுத்துவைக் கண்டுபிடித்தான். அங்கமுத்துவுக்கு வலது கை இல்லை. அது ஒச்சப்பன் வெட்டியது.

"வாய்யா! ஒன்னயத் தேடித்தான் நானும் கெளம்பணும்னு இருந்தேன். எங்க ஊர்லயும் இதே சட்டந்தான்" என்றான் அங்கமுத்து.

பாயை விரித்துக் கஞ்சி ஊற்றினான். பிறகு ஒருவருக்கொருவர் எழுதிக் கொடுத்தார்கள். 'நான் வெட்டினேன்' என்ற இடத்தில் அங்கமுத்துவின் இடது கை நின்றுவிட்டது.

"எழுதுய்யா. இப்ப வலிக்காது" என்றான் ஒச்சப்பன்.

அமைச்சர் ஓலையைப் படித்துவிட்டு வருத்தத்துடன் சொன்னார்: "இருவரும் ஒரே பாயில் அமர்ந்து கஞ்சி குடித்ததாக ஒற்றர் தகவல். ஆகவே நண்பர்கள். செல்லாது."

நெல் வரவில்லை. பரிசல் துறையில் காத்திருந்த மற்ற வீரர்களிடம் ஒச்சப்பன் சிரித்தபடி சொன்னான்: "தேடிப் போங்க, கெடைப்பாங்க. கஞ்சி மட்டும் குடிச்சிராதீங்க."

போனார்கள். அக்கரையில் யாரும் யாரையும் வெறும் வயிற்றோடு அனுப்பவில்லை. அங்கிருந்து இங்கே வந்தவர்களுக்கும் அப்படியே.

இப்படியே போனால் அடுத்த போருக்கு எதிரி மிஞ்சமாட்டான் என்று அஞ்சிய இரு அரசர்களும், வரலாற்றில் முதல்முறையாக ஒரே ஆணையில் கையெழுத்திட்டார்கள்: ஆற்றைக் கடப்பது குற்றம். இரு கரையிலும் புதுப் படையினர் ஈட்டியோடு நிறுத்தப்பட்டனர்.

முதல் நாள் காவலிலேயே இக்கரை வீரன் கையை வாயருகே குவித்து அக்கரை வீரனைப் பார்த்துக் கூவினான்: "அண்ணே, ஒங்க பேரு, ஊரு என்ன? எழுதி வச்சுக்கிறேன். பின்னால தேவைப்படும்."