ஆஸ்பத்திரிக்கு ஒரே சிலிண்டர்

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம் என்று ஆரம்பிக்கத்தான் கை போகிறது. உன் அண்ணி இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது அது பொய். பொய் எழுதுவது உன் உத்தியோகம். அதில் நான் ஏன் பங்குக்கு வர வேண்டும்?

நேற்று காலை வெந்நீர் பிடிக்க பிளாஸ்க்கோடு கீழே வந்தேன். மேனேஜர் வேர்த்து விறுவிறுத்து ஓடி வந்தார். "சார், தீயணைப்பு ஆபீசர் சோதனைக்கு வந்துட்டார். ஆள் பத்தலை. இதைக் கொஞ்சம் முதல் மாடியில மாட்டிடுங்க, புண்ணியமாப் போகும்" என்று ஒரு சிவப்பு சிலிண்டரை என் கையில் திணித்தார். தீயை அணைக்கிற சமாசாரமாயிற்றே, நல்ல காரியம்தானே என்று தூக்கிக்கொண்டு போய் மாட்டினேன். ஆபீசர் வந்து பார்த்துவிட்டு ஓர் அறையில் காபி குடிக்க உட்கார்ந்ததும், "அதையே கழட்டுங்க சார், பின்பக்கப் படியில ரெண்டாம் மாடிக்கு" என்றார் மேனேஜர். அப்போதுதான் உறைத்தது, மொத்த ஆஸ்பத்திரிக்கும் இந்த ஒன்றுதான்! அங்கேயும் காபி. எனக்கு வாயில் நுரை தள்ளாத குறை. மூன்றாம் மாடியில் மாட்டி முடிப்பதற்குள் ஆபீசர் வந்துவிட்டார். சிலிண்டரைக் குழந்தை மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தால், எதிரே நீ.

"இவர் யாரு?" என்று கேட்டாய்.

"நம்ம தீத்தடுப்பு ஊழியர் சார். பயிற்சி எடுத்தவர்."

"ரொம்ப நல்லது" என்று சிலிண்டரைத் தட்டிக்கொடுத்தாய். அது நசுங்கிய இடத்தை மறைக்க ஒட்டியிருந்த பிளாஸ்திரியைக் கீழ் மாடிகளிலும் பார்த்தவன்தானே நீ? டேய், கூடப் பிறந்தவனைப் பாத்தாடா இவர் யாருன்னு கேட்டே? வெக்கமா இல்ல? அந்த மாடியிலதான்டா உன் அண்ணி படுத்திருக்கா. திரும்பிப் படுக்கவே ரெண்டு பேர் பிடிக்கணும். நீ படிக்கிற காலத்துல தான் பட்டினி கிடந்து உனக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்தவ. தீப்பிடிச்சா அவளை யாருடா தூக்கிட்டு ஓடுவா? உன் காபி கப்பா?

மேல் மாடியை அடுத்த வாரம் பார்த்துவிட்டுச் சான்றிதழில் கையெழுத்துப் போடப்போகிறாயாம். போட்டாயானால் உன் மேலதிகாரிக்கு என் புகார் போகும். தம்பி என்றெல்லாம் பார்க்க மாட்டேன்.

உன் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசிகள். உனக்கு இப்போதைக்குக் கிடையாது.

இப்படிக்கு,
உன் அண்ணன்
(பயிற்சி எடுத்த தீத்தடுப்பு ஊழியர்)

பி.கு.: கடிதத்தை ஒட்டும் நேரத்தில் மேனேஜர் வந்தார். நான் உன் அண்ணன் என்று யாரோ சொல்லிவிட்டார்களாம், மனிதர் பதறிப்போய்விட்டார். அண்ணியை மேல் மாடியில் தனி அறைக்கு மாற்றிவிட்டார். ஏசி, பெரிய ஜன்னல். விழுந்த நாளிலிருந்து இன்றைக்குத்தான் அவள் நிம்மதியாகத் தூங்குகிறாள். பேசிப் பார்த்தால் தங்கமான மனுஷன்டா. சான்றிதழ் வராவிட்டால் இந்த மாடியை மூட வேண்டியிருக்குமாம், அறையும் போய்விடும். ஆகவே புகார் கிடக்கட்டும், நீ சட்டென்று கையெழுத்தைப் போட்டுவிடு. அறை வாசலில் சிலிண்டருக்கான கொக்கி மட்டும் இருக்கிறது. அதில் என் குடையை மாட்டியிருக்கிறேன். வருவதற்கு முன்னால் ஒரு வார்த்தை சொல்லு, எடுத்துவிடுகிறேன்.