எம்.ஆர்.சி.பி.க்கு நூறு மார்க் போட்டவர்

பித்தக்குழாயைப் பற்றி லேத்துவுக்குத் தெரியாதது அந்தக் குழாய்க்கே தெரியாது. திருப்பதி ஆஸ்பத்திரி ஒன்றில், அவருக்குப் பக்கத்துக் கட்டிலில் இருந்த என் அப்பா, நைனாவுக்குத் துணையாக ஒன்பது நாள் கிடந்தவள் சொல்கிறேன், நம்புங்கள்.

ரேணிகுண்டா பட்டறையில் இரும்பு கடையும் லேத் மிஷின் ஓட்டியவர், அதனால் லேத்து. வார்டில் யாரும் வேறு பெயர் கேட்கவில்லை. நைனாவைப் போலவே அவருக்கும் காமாலை. குழாயை அடைத்திருப்பது கல்லா, கட்டியா? அது தெரியாமல் இருவரும் மஞ்சளாய்ப் படுத்திருந்தார்கள்.

"பாப்பா, நைனாவுக்கு அல்ட்ராசவுண்டுல இன்னா சொன்னாங்க?" என்று கேட்டார் லேத்து.

"குழாய் வீங்கிக்கீதாம். ஏன்னு தெரியலயாம் மாமா."

"எப்படித் தெரியும்? குடல்ல காத்து நின்னுக்கினா, கீழ்ப்பக்கம் அதுக்குக் கண்ணு தெரியாது. சிடி?"

"அதுலயும் கல்லு காணோம்."

"சில கல்லு சிடிக்கே டிமிக்கி குடுக்கும். எம்.ஆர்.சி.பி.ன்னு பித்தக்குழாய்க்குன்னே ஒரு ஸ்கேன் கீது, அத்த எடுக்கச் சொல்லு. பித்தம் வெள்ளையாத் தெரியும், கல்லு கறுப்பா நிக்கும். நூத்துக்கு நூறு."

"வாய்வழியா குழாய் வுடறாங்களே, அது?"

"அது உள்ள போயி கல்ல எடுக்கற வேல செய்யற ஆளு. வேடிக்க பாக்க அத்தக் கூப்புடாத."

மறுநாள் டாக்டரும் அதையே சொன்னார். அவ்வளவுதான், லேத்துவைப் பிடிக்க முடியவில்லை. வார்டிலிருந்த பிலிம் அத்தனையையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து மார்க் போட்டார். காலொடிந்தவருக்கும் எம்.ஆர்.சி.பி. சிபாரிசு செய்தார்.

"பெத்தாயனா, மீரு டாக்டரா?" பெரியவரே, நீங்க டாக்டரா என்று தெலுங்கில் கேட்டாள் நர்ஸ்.

"பேஷண்ட்டும்மா. டாக்டருக்கு இவ்ளோ நேரம் ஏது?"

நைனாவின் எம்.ஆர்.சி.பி.யில் வெள்ளைக் குழாயின் அடியில் ஒரு கறுப்புப் புள்ளி. கல்! வாய்வழியாகவே போய் எடுத்துவிட்டார்கள். லேத்துவிடம் ஓடினேன்.

"உங்களுக்கு எப்போ மாமா எம்.ஆர்.சி.பி.?"

"எனக்குக் கெடயாது பாப்பா." வலது கண்ணைத் தொட்டார். "பட்டறையில தெறிச்ச இரும்பு உள்ளயே கீது. அந்த மிஷினு பெரிய காந்தம். கண்ணையே புடுங்கிடும்."

இத்தனை நாளாகப் புகழ்ந்த மிஷினின் வாசலைக்கூட அவர் மிதித்ததில்லை.

அன்று சாயங்காலம் அவருடைய சிடி ரிப்போர்ட் வந்தது. கட்டி. ஆபரேஷன் செய்யும் கட்டத்தைத் தாண்டிவிட்டதாம்.

"எனக்குன்னா மட்டும் சிடி எவ்ளோ ஒழுங்கா வேல செஞ்சிக்கீது பாரு" என்றார். நான் சிரித்துத் தொலைத்தேன். அந்தச் சிரிப்பை இன்றுவரை விழுங்க முடியவில்லை.

நாங்கள் கிளம்பும்போது நைனாவின் பிலிமை ஜன்னலில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"எவ்ளோ தெளிவா கீது. இத்த நான் வச்சிக்கட்டுமா பாப்பா?"

அடுத்த மாதம் மறுபரிசோதனையில் டாக்டர் அந்தப் பிலிமைக் கேட்டார். தொலைந்துவிட்டது என்றேன். இவ்வளவு கவனமில்லாத பெண்ணா என்று திட்டினார்.

திட்டட்டும். கல் மட்டுமே இருக்கும் அந்த ஒரு படம் லேத்துவிடமே இருக்கட்டும்.