வெற்று நோட்டுக்கு முழு மதிப்பெண்

பேரன்பும் பெருமதிப்பும் மிக்க அத்தான் அவர்களுக்கு, தங்கள் மைத்துனன் முதலில் இரு கைகளையும் கூப்பிவிட்டு, பிறகு அதே கைகளால் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு எழுதுவது.

இங்கே என் முதுகுவலியைத் தவிர அனைவரும் நலம். அங்கே உங்கள் சர்க்கரையும் அக்காவின் முழங்காலும் சொன்ன பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கும் என்று நம்புகிறேன். குசலம் விசாரித்தாயிற்று. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

அத்தான், நான் ஜெயித்துவிட்டேன்! போன விடுமுறையில் உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், எல்லார் முன்னாலும், "பிசிக்ஸ் வாத்தியாரு சமயக் கல்வி எடுக்கப் போறாராம், மூணு வாரம் தாங்குதா பாக்கலாம்" என்று சொன்னீர்களே, ஞாபகம் இருக்கிறதா? உங்களுக்கு இல்லாவிட்டால் பரவாயில்லை, எனக்கு இருக்கிறது. முப்பது வருஷம் பள்ளி ஆய்வாளராக இருந்தவர் வாயிலிருந்து வந்த வார்த்தையாயிற்றே என்று அக்கா சிரித்தாள். என் மனைவியும் சேர்ந்து சிரித்தாள் பாருங்கள், அதுதான் உறைத்தது.

நானா ஆசைப்பட்டு வாங்கினேன்? சமயக் கல்வி டீச்சர் நீண்ட விடுப்பில் போனதும், அந்தப் பாடவேளையைத் தலைமையாசிரியை என் தலையில் கட்டினார். கட்டும்போதே, "சார், பசங்க தூங்குற பீரியட் எனக்கு வேண்டாம். பருவம் முடியறப்ப ஆய்வாளர் வருவார். காட்ட உருப்படியா ஒண்ணும் இல்லைன்னா, அதைக் கணக்கு சாருக்குக் குடுத்துடுவேன்" என்று சொல்லிவிட்டார். கொடுத்தால் எனக்குப் பாடவேளை குறையும், குறைந்தால் கிளைப் பள்ளிக்கு மாற்றல், அங்கே போக இரண்டு பஸ் மாற வேண்டும், போய்ச் சேர்ந்தாலும் ஆய்வகம் கிடையாது. இருபத்தாறு வருஷம் என் கையால் துடைத்து வைத்த தராசுகளை விட்டுவிட்டு நான் எங்கே போவது அத்தான்? உங்கள் மேசையில் இதையெல்லாம் சொல்ல வெட்கமாக இருந்தது, அதனால் இன்னும் கொஞ்சம் சாம்பார் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

புத்தகத்தில் ஒவ்வொரு மதத்துக்கும் ஒரு பாடம், பாடத்துக்குப் பத்துக் கேள்வி. படித்துக் காட்டினேன், எழுதச் சொன்னேன், மூன்றாவது வாரம் நானே கொட்டாவி விட்டேன். சரி, நமக்குத் தெரிந்தது செய்முறைதானே என்று நாற்பத்திரண்டு பேருக்கும் ஆளுக்கொரு செய்முறை நோட்டுக் கொடுத்து, நோக்கம், தேவையான பொருட்கள், செய்முறை, முடிவு என்று கோடு போட வைத்து, முதல் சோதனை 'பொறுமை' என்று பலகையில் எழுதினேன். மறுவாரம் ஒருவன் எழுதி வந்தான்: "தேவையான பொருட்கள்: தம்பி ஒன்று. செய்முறை: தம்பியைக் கிள்ளினேன். அவன் திருப்பிக் கிள்ளினான். நான் பொறுத்துக்கொண்டேன். மூன்று முறை செய்து பார்த்தேன். முடிவு: பொறுமை நிரூபிக்கப்பட்டது." அவன் அம்மா தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார். "சார், வீட்டுப்பாடம்னா வாய்ப்பாடு குடுங்க. பெத்த புள்ளைங்களைக் குடுக்காதீங்க" என்றார். நியாயம்தானே!

இரண்டாவது சோதனை 'பிறருக்கு உதவுதல்'. ஏமாற்றக் கூடாது என்று, உதவி பெற்றவரிடம் கையெழுத்து வாங்கி வரச் சொன்னேன். அவ்வளவுதான், பள்ளிக்கூடமே ரணகளமாகிவிட்டது. நூலகத்தில் ஒரே நாளில் நான்கு குழுக்கள் நான்கு விதமாகப் புத்தகங்களை அடுக்கின, நூலகர் இன்றுவரை அகராதியைத் தேடிக்கொண்டிருக்கிறார். அலுவலக உதவியாளர் ஒரு காலி தம்ளரோடு நடந்தால்கூட ஏழு பேர் பிடுங்க ஓடிவருகிறார்கள். மனிதர் என் ஆய்வகத்தில் ஒளிந்து உட்கார்ந்து சாப்பிட்டார். "உங்க புண்ணியமே வேண்டாம் சார், உங்க பசங்களை வேற பாடத்துக்கு மாத்துங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

அப்போதுதான் வக்கீல் எழுந்தாள். வக்கீல் என்பது அந்த வகுப்பு மாணவி ஒருத்திக்கு ஆசிரியர்கள் நாங்கள் வைத்த பெயர். கடிகாரம் பழுது பார்ப்பவரின் மகள், வாயைத் திறந்தால் மூட மாட்டாள். "சார், கையெழுத்து வாங்கிக்கிட்டுச் செஞ்சா அது உதவியா, வேலையா? புத்தகத்துல எந்தப் பாடத்தை எடுத்தாலும், நல்லது செஞ்சா வெளியில சொல்லாதேன்னுதானே போட்டிருக்கு?" என்றாள். புரட்டிப் பார்த்தேன், போட்டுத்தான் இருந்தது. நான் நடத்திய பாடத்தை நானே படிக்கவில்லை அத்தான்! மானம் போனது போகட்டும் என்று புது விதி போட்டேன். "இனிமே யாருக்கும் தெரியாம செய்யணும். யாருக்காவது தெரிஞ்சா மார்க் போச்சு. நோட்டுல எழுதினாலும் போச்சு." அவள் விடவில்லை. "அப்ப நாங்க செஞ்சோமா இல்லையான்னு உங்களுக்கு எப்படி சார் தெரியும்?" "தெரியாதும்மா" என்றேன். அவள் உட்கார்ந்து தன் நோட்டை மூடிப் பைக்குள் வைத்தாள்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் நடந்ததை என்னவென்று சொல்ல! இரண்டு வருஷமாகச் சொட்டிய குழாய் நின்றது. தையல் டீச்சரின் நாற்காலி ஆட்டம் போனது. ஆனால் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் செய்வதால் அளவே இல்லை. காவலாளியின் சைக்கிளுக்குப் பதினோரு பேர் தனித்தனியாகக் காற்றடித்ததில் டியூப் வெடித்தது. அலுவலக வாசல் பூந்தொட்டிக்கு எத்தனை பேர் தண்ணீர் ஊற்றினார்களோ, செடி அழுகியே போயிற்று. யாரோ விஷமம் செய்கிறார்கள் என்று தலைமையாசிரியை காவலாளியை உஷார்ப்படுத்தினார்.

போன வியாழக்கிழமை காலை, மணி அடிப்பதற்கு முன்னால், தலைமையாசிரியை அறையில் நாற்காலி மேல் ஏறி, ஒரு கையில் திருப்புளி, மறு கையில் சுவர்க் கடிகாரத்தோடு மாட்டிக்கொண்டாள் வக்கீல். மூன்று வருஷமாக ஓடாமல் நின்றிருந்த கடிகாரம் அது. தலைமையாசிரியை அதைப் பிடுங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "எதுக்கு எடுத்தே? சொல்லு! இல்லைன்னா இன்னைக்கே டி.சி.தான்" என்று கத்துகிறார், சத்தம் கேட்டு நானும் ஓடிப்போய் நின்றேன். வாயாடிப் பெண் வாயே திறக்கவில்லை. என்னைப் பார்த்தாள். எனக்குப் புரிந்துவிட்டது அத்தான். சொன்னால் மார்க் போய்விடும் என்று, பள்ளிக்கூடமே போனாலும் போகட்டும் என்று நிற்கிறாள். நான் போட்ட விதி! மார்க்காவது மண்ணாவது, சொல்லிவிடலாம் என்று வாயெடுத்த நேரத்தில் வாசலில் ஆய்வாளரின் கார் நின்றது.

அவர் நேரே என் வகுப்புக்குத்தான் வந்தார். பின்னாலேயே கக்கத்துக் கடிகாரத்தோடு தலைமையாசிரியை. ஆய்வாளர் ஒரு நோட்டைப் புரட்டினார், இன்னொன்றை, பன்னிரண்டாவதை. "என்ன சார், கடைசி சோதனைக்கு எல்லா நோட்டும் காலியா இருக்கு?" "ஆமாங்க, எல்லாருக்கும் நூத்துக்கு நூறு" என்றேன். தலைமையாசிரியை கண்ணை மூடிக்கொண்டார். நான் விதியை விளக்கினேன். அவர் கடைசி வரை கேட்டுவிட்டு, "சரி, பசங்க ஏதோ செஞ்சாங்கன்னு நான் எதை வச்சு நம்பறது?" என்றார்.

டங்!

தலைமையாசிரியையின் கக்கத்திலிருந்து. டங், டங் என்று பத்து முறை. அவர் கடிகாரத்தைக் கீழே போடாதது பெரிய விஷயம். ஆய்வாளர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், சரியாகப் பத்து. "யாரு சரி பண்ணினது?" நாற்பத்திரண்டு பேரும் மின்விசிறியைப் பார்க்கிறார்கள். தலைமையாசிரியை வக்கீலைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "தெரியலைங்க சார். யாரோ செஞ்சிருக்காங்க" என்றார். அத்தான், அங்கேயே கைதட்ட வேண்டும் போலிருந்தது!

ஆய்வாளர் குறிப்பேட்டில் எழுதியதை அப்படியே தருகிறேன், அக்காவுக்கும் படித்துக் காட்டுங்கள்: "இவ்வகுப்பின் நோட்டுகளில் ஒன்றுமில்லை. பள்ளியில் நிறைய இருக்கிறது." கணக்கு சாருக்குக் கைவிரித்தாயிற்று. இனி எனக்கு வாரத்துக்கு இரண்டு சமயக் கல்வி. மூணு வாரமாம், மூணு வாரம்!

அக்காவின் காலில் நான் விழுந்ததாகவும், முழங்காலில் படாமல் விழுந்ததாகவும் சொல்லவும். எல்லா நலமும் உங்கள் வீட்டில் நிறைந்திருக்கட்டும்.

இப்படிக்கு,
மூன்று வாரம் தாங்காத உங்கள் மைத்துனன்

பி.கு.: உறையை ஒட்டப் போகிற நேரத்தில் ஆய்வாளர் போன் செய்தார். "உங்க அத்தான்கிட்டதான் சார் நான் வேலை கத்துக்கிட்டேன். போன வாரம் கூப்பிட்டு, 'என் மச்சான் கிறுக்குத்தனமா எதையாவது காட்டுவான், பாதியில எழுந்துடாம கடைசி வரைக்கும் கேளுங்க'ன்னு சொன்னார். இல்லைன்னா காலி நோட்டைப் பாத்ததுமே கிளம்பியிருப்பேன்" என்றார். பிறகு, "ஐயோ, உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னாரே!" என்றார். காலரை இறக்கிவிட்டேன் அத்தான். விதிப்படி பார்த்தால், இத்தனை பக்கம் தம்பட்டம் அடித்ததற்கு எனக்குப் பூஜ்யம், செய்தது வெளியே தெரிந்துவிட்டதால் உங்களுக்கும் பூஜ்யம். இந்தக் கடிதத்தில் நான் காட்டிக்கொடுத்ததால் வக்கீலுக்கும் ஆபத்து. ஆகையால் படித்ததும் கிழித்துவிடுங்கள். கிழிப்பதற்கு முன்னால் அக்காவுக்கு ஒரு தடவை சத்தமாகப் படியுங்கள், இந்தப் பி.கு.வை மட்டும் விட்டுவிடுங்கள். உங்கள் மார்க்காவது தப்பிக்கட்டும்.