இருநூற்று முப்பத்தாறு டிகிரி

சூரியனுக்கு அடுத்தபடியாக இந்த உலகத்துக்கு வெப்பம் வழங்குபவை கமிட்டிகள்தாம் என்பதில் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் இக்னேஷியஸுக்கு எள்ளளவும் சந்தேகம் இல்லை. 1931-இல் ரப்பர் விலை விழுந்து எங்கும் ஆள் குறைத்தபோது கணக்கெழுதும் வேலை போன கிராணி அவர். ஏழு மாதம் வீட்டில் இருந்தவரை அழைத்து, கையில் ஒரு தெர்மாமீட்டரைக் கொடுத்தது 'பூமிச் சூட்டு மதிப்பீட்டுக் கமிட்டி'. அவர் மனைவி ஜோசஃபின், மாதாவுக்கு இரண்டு மெழுகுவத்தி ஏற்றினாள்.

உலு லங்காட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தின் ஓரத்தில் வெந்நீர் ஊற்று இருந்தது. அதைக் கொண்டு கோலாலம்பூருக்கு மின்சாரமும், ரப்பர் உலர்த்தும் கூடங்களுக்கு அனலும் எடுக்கலாமா என்று கமிட்டி தீர்மானிக்க வேண்டும்.

இக்னேஷியஸ் முதல்நாள் போனபோது, தோட்டத்தில் ரப்பர்ப் பாலுக்காகப் பால்மரம் வெட்டும் வள்ளியம்மா அங்கே தன் மகனைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளைக்கு உடம்பெல்லாம் சொறி. இந்தத் தண்ணீரில்தான் அடங்குகிறது என்றாள். கூலிகள் குடியிருக்கும் லயத்துக் கிழவர்கள் வீங்கிய முழங்காலை நனைப்பதும் இங்கேதான் என்றாள். கடமை தவறாத இக்னேஷியஸ் அதை அப்படியே எழுதி அனுப்பினார்.

கமிட்டி இரண்டு முறை கூடி, சாண்ட்விச் சாப்பிட்டு, ஆழ்ந்து ஆலோசித்தது. கூலிகள் குளிப்பதால் அரசாங்கத்தின் சூடு அவர்கள் உடம்போடு ஒட்டிக்கொண்டு லயத்துக்குப் போய்விடுகிறது என்று கண்டுபிடித்தது. மறுவாரமே ஊற்றைச் சுற்றி முள்கம்பி வேலி எழும்பியது.

ஆறு மாதம் இக்னேஷியஸ் காலையும் மாலையும் அளந்தார். தண்ணீர் நூற்றுப் பதினெட்டு ஃபாரன்ஹீட் டிகிரியை விட்டு அசையவில்லை. கொதித்து நீராவி கிளம்ப இருநூற்றுப் பன்னிரண்டு வேண்டும். கமிட்டித் தலைவரான வெள்ளைக்காரத் துரை அவரைத் தம் ஆபீசுக்கு வரவழைத்தார்.

"காலையில் எவ்வளவு?"

"நூற்றுப் பதினெட்டு, சார்."

"மாலையில்?"

"அதே நூற்றுப் பதினெட்டு."

"கூட்டு."

இருநூற்று முப்பத்தாறு வந்தது. தேவைக்கு மேல் இருபத்துநாலு டிகிரி உபரி என்று துரை மகிழ்ந்தார். வெதுவெதுப்பான காப்பி இரண்டு கோப்பையை ஒன்றாக ஊற்றினால் கொதித்துவிடாதே என்று இக்னேஷியஸ் பணிவுடன் சொல்லிப் பார்த்தார். துரை கோபப்படவில்லை. உன் வேலை நிரந்தரமா, தற்காலிகமா என்று மட்டும் கேட்டார். இக்னேஷியஸுக்கு ஜோசஃபின் முகம் ஞாபகம் வந்தது. அறிக்கையில் கையெழுத்துப் போட்டார்.

அறிக்கையை மேலிடம் மிகவும் பாராட்டியது. இவ்வளவு பூரணமான அறிக்கைக்குப் பிறகு மின்சாரம் வேறு எதற்கு என்று அதை அலமாரியில் வைத்துப் பூட்டியது. இக்னேஷியஸ் வேலி மேற்பார்வைக் கிராணியாக நிரந்தரமானார்.

புதுப் பதவியில் முதல்நாள் அவர் பூட்டைச் சரிபார்க்கப் போனார். வெளியே வள்ளியம்மா நின்றிருந்தாள். இடுப்பில் இருந்த பிள்ளைக்குச் சொறி கழுத்துவரை ஏறியிருந்தது.

"அறிக்கையில எங்களப் பத்தி ஏதாச்சும் எழுதியிருக்கா, கிராணியாரே?"

எழுதியிருந்தது. நாற்பதாம் பக்கம், அவரே இங்கிலீஷில் படி எடுத்த வரி. பொய் சொல்ல நா எழாமல் தமிழில் சொன்னார்: "ஆறு மாதக் கண்காணிப்பில், உள்ளூர் மக்கள் எவரும் இந்த ஊற்றைப் பயன்படுத்தக் காணோம்."

அவள் முள்கம்பியைப் பார்த்தாள்.

"யாரு பாத்துச் சொன்னது?"

"கமிட்டிம்மா."

"கமிட்டி ஒரு நாளும் இந்தப் பக்கம் வரலியே," என்றாள் வள்ளியம்மா. "தெனமும் வந்தவரு நீங்கதானே?"