இரவல் சளி

டப்பாவுக்குள் எட்டிப் பார்த்த நர்ஸ் லினியோவுக்குக் கோபம் வந்தது. "என்ன மொகெட்சி, வெறும் எச்சிலு! சளி எங்க?"

"வரமாட்டேங்குதே சிஸ்டர்."

"எச்.ஐ.வி. மாத்திரை சாப்பிடற ஆளு. பத்து நாளா இருமல் வேற. காசநோயான்னு பாக்காம எப்படி விடறது? நாளைக்கு நெஞ்சுலேர்ந்து காறிக் கொண்டா."

சனிக்கிழமை அவனுக்குக் கல்யாணம். ஏற்கெனவே இரண்டு முறை தள்ளிப்போனது. பெண் வீட்டுக்குப் பரிசமாகக் கொடுத்த மாடுகள் கன்றே ஈன்றுவிட்டன. இனியும் தள்ளினால் நலேடியின் அப்பா வேறு மாப்பிள்ளை பார்த்துவிடுவார்.

விடியற்காலையில் போர்வையைச் சுற்றிக்கொண்டு மலையேறி இருமினான். விக்கல்தான் வந்தது. மிளகாய்த்தூளை முகர்ந்தான். கண்ணீர் தாரை தாரையாக வந்தது, சளி வரவில்லை. காலி டப்பாவோடு ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றான்.

காவல்காரர் மொலெஃபிக்கு இளகிய மனசு. "இதுக்கா தம்பி கண் கலங்குற? கொடு இப்படி." ஒரே காறலில் வேலை முடிந்தது.

இரண்டு நாளில் முடிவும் வந்தது.

"கிருமி மொய்க்குதுப்பா. கல்யாணத்தத் தள்ளிப் போடு" என்றார் லினியோ.

மொகெட்சி கணக்குப் போட்டான். உண்மையைச் சொன்னால் திட்டு, சொல்லாவிட்டால் நலேடி போச்சு. "சிஸ்டர், ரத்தத்துல பாக்கற புதுச் சோதனை வந்திருக்காமே. அதையும் பண்ணிடுங்களேன்!"

விரலில் குத்திப் பார்த்தார்கள். ரத்தத்தில் நோயின் அடையாளம் இல்லை. தலைநகர் மஸேருவுக்கு அனுப்பி எக்ஸ்ரே எடுத்தார்கள். நெஞ்சும் சுத்தம்.

லினியோ மூன்று தாள்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "ரத்தம் உன்னோடது. நெஞ்சு உன்னோடது. சளி யாரோடதுடா?"

மொகெட்சி தலையைக் குனிந்துகொண்டு வாசல் பக்கம் கை காட்டினான்.

வாங்க வேண்டிய திட்டையெல்லாம் வாங்கினான். ஒன்றுகூட உறைக்கவில்லை. கல்யாணம் நடக்கும் என்ற நினைப்பில் அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்திருந்தது.

மொலெஃபியைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். "நோய் உங்களுக்குத்தான் அண்ணே. பயப்படாதீங்க, ஆறு மாசம் ஒழுங்கா மாத்திரை சாப்பிட்டா சரியாயிடும்."

"அவ்வளவுதானா? நான் புகையிலை இருமல்னுல்ல நெனச்சேன்!" மொலெஃபி நிம்மதியாக மூச்சு விட்டார். பிறகு வராந்தாவைத் திரும்பிப் பார்த்துத் தலையைச் சொறிந்தார்.

"அப்படின்னா சிஸ்டர், வெளியில காசநோய்னு அழுதுகிட்டு நிக்கற பதினோரு பேருக்கும் விரல்ல குத்திப் பாத்துடுங்க. அவங்க டப்பாவெல்லாம்கூட நான் காறிக் கொடுத்ததுதான்."